வாயில் வைக்காமலே பெரியம்மா சொன்னது

சுவைக் கண்காட்சிக்குப் பெரியம்மாவும் வருகிறார் என்றதும் அண்ணி என்னைத் தனியாக அழைத்து, "வைன் வைக்கிற இடத்துக்கா? அவங்களுக்கு அந்த வாடையே ஆகாதே" என்றார். உண்மைதான். பெரியம்மா பிறந்து வளர்ந்தது கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். சம்பள நாளில் என் தாத்தா வேலைக்காட்டிலிருந்து நேராக வீடு திரும்பியதில்லை, கள்ளுக்கடை வழியாகத்தான் வருவார். மிச்சம் எவ்வளவு என்பது அவர் வாசலுக்கு நடந்து வரும் நடையிலேயே பாட்டிக்குத் தெரிந்துவிடுமாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். அதை ஏன் கேட்டார்கள் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அவரேதான் கேட்டார். "மிளகு, தேனு, சீஸு எல்லாம் வைப்பாங்கன்னு சொன்னியே, நானும் வந்து பார்க்கிறேன்." சரி என்று அழைத்துக்கொண்டோம்.

மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு கடையில் ஒன்றாகச் சாப்பிடும் கூட்டம் எங்களுடையது. கிள்ளானில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் அண்ணனும் அண்ணியும், என் அலுவலகத் தோழி, அவர் சுத்த சைவம், பினாங்கிலிருந்து வேலைக்காகக் கோலாலம்பூர் வந்த தம்பி ஒருவர், அப்புறம் நான். தம்பியின் குடும்பத்தார் தலைமுறையாக நாசி கண்டார் என்ற சோறு-குழம்புக் கடை வைத்திருப்பவர்கள். குழம்பை எட்ட நின்று பார்த்தே அடுப்பு எப்போது அணைந்தது என்று சொல்லக்கூடியவர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதேபோல ஒரு சுவைக் கண்காட்சிக்குப் போய், கால்வலியைத் தவிர ஒன்றும் கொண்டுவராமல் திரும்பினோம். என்ன தப்பு செய்தோம் என்று பிறகு உட்கார்ந்து பேசியபோதுதான் புரிந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெறும் வயிற்றோடு போனோம். நுழைவாயிலில் இருந்த முதல் கடையிலேயே ஆரம்பித்தோம். சாத்தே, சம்பல், உடனே ஒரு சிவப்பு வைன், பிறகு ஐஸ்கிரீம், மறுபடியும் வைன். முக்கால் மணி நேரத்தில் நாக்கு மரத்துப்போனது. எல்லாமே ஒரே மாதிரி இருந்தது, எல்லாமே எரிந்தது.

அந்த எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. மிளகாயின் காரத்தை உணர்வது நாக்கின் சுவை மொட்டு இல்லை, சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு. ஆல்கஹால் அதே நரம்பை இன்னும் கூர்மையாக்கிவிடும். அதனால் சம்பலுக்குப் பின்னால் 14, 15 சதவீத ஆல்கஹால் உள்ள சிவப்பு வைனைக் குடிப்பது எரிகிற வாயில் இன்னும் கொஞ்சம் மிளகாயைப் போடுவதுபோலத்தான். அந்த வைனின் மேல் குற்றம் சொல்லிக்கொண்டே வீடு வந்தோம். பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

இந்தத் தடவை முந்தின நாளே பேசி வைத்துக்கொண்டோம். காலையில் பசியாறிவிட்டு வர வேண்டும், ஆனால் இட்லியோ தோசையோ காரமில்லாத சட்னியோடு. வெற்றிலை போடக் கூடாது. கடுங்காப்பி வேண்டாம். எல்லாரும் எல்.ஆர்.டி. ரயிலில் வர வேண்டும், ஒருவரும் கார் எடுக்கக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான தண்டனையை 2020இல் நம் நாட்டில் மிகவும் கடுமையாக்கிவிட்டார்கள். சட்டம் அப்படி இல்லாவிட்டாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்புறம், வாசனைத் தைலம், பவுடர், சென்ட் எதுவும் பூசிக்கொள்ளக் கூடாது.

கே.எல்.சி.சி. நிலையத்தில் இறங்கியபோது பெரியம்மாவின் தலையில் இரண்டு முழம் மல்லிகை. பிரிக்பீல்ட்ஸில் அன்று காலையில் வாங்கியது, இன்னும் ஈரம் காயாத சரம். நல்ல நாளில் வெளியே போகிறவர் பூ வைக்காமல் எப்படி வருவார்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்தான் மெதுவாக, "பெரியம்மா, இந்த வாசத்துல பக்கத்துல நிக்கிறவங்களுக்கு வேற ஒன்னும் தெரியாது" என்றேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சரத்தைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார். "நான் மசாலா வறுக்கும்போது உங்க பெரியப்பாவ சுருட்டு பிடிக்க விடமாட்டேன். அதே மாதிரிதானே?" அன்றைக்கு அவர் சொன்ன முதல் சரியான வார்த்தை அது.

கதவு திறந்த முதல் அரை மணி நேரம்தான் பொன்னான நேரம். கடைக்காரர்கள் களைத்திருக்க மாட்டார்கள், கேட்டால் நிதானமாகப் பதில் சொல்வார்கள். நாங்கள் ஒன்றையும் வாயில் வைக்காமல் ஒரு சுற்று நடந்தோம். மண்டபத்தின் வரைபடத்தில் ஆளுக்கு மூன்று கடைகளை மட்டும் குறித்துக்கொண்டோம். மது வைத்திருந்த பகுதி தனித் தடுப்புக்குள் இருந்தது. மதுவைத் தொடாத தம்பி அங்கே வரமாட்டார், வரச் சொல்லவும் மாட்டோம். அதனால் பாதி நேரம் எல்லாரும் ஒன்றாக வெளிப்பகுதியில், மீதி நேரம் பிரிந்து, கடைசியில் காப்பிக் கடையில் சந்திப்பது என்று ஏற்பாடு.

வெளிப்பகுதியில் நின்று பார்க்க நிறைய இருந்தது. கொடுக்கில்லாத சின்னத் தேனீக்களின் கெலுலுட் தேனை ஒரு கடையில் சின்னக் கரண்டியில் கொடுத்தார்கள். தேன் என்று நினைத்து வாயில் வைத்தால் புளிப்பு. பெந்தோங் இஞ்சி, பாரியோ அரிசி, ஜொகூரில் விளைந்த லைபீரிக்கா காப்பிக்கொட்டை. உலகம் முழுவதும் அராபிக்காவும் ரொபஸ்டாவும்தான் அதிகம், நம் நாட்டில் லைபீரிக்கா இன்னும் ஊன்றி நிற்கிறது. அந்தக் கடையில் தம்பி போட்ட கேள்விகளுக்கு மட்டும் இருபது நிமிடம் போனது.

தென்னஞ்சர்க்கரையான குலா மலாக்கா விற்கும் கடையில்தான் நான் வழக்கமாகச் செய்யும் ஒரு சோதனையை எல்லாருக்கும் காட்டினேன். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், செலவே இல்லை. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு குலா மலாக்காவை வாயில் போட வேண்டும். வெறும் இனிப்பு. சீனிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. பத்து எண்ணிவிட்டு மூக்கை விட்டால், சட்டென்று புகை, கருகிய தேங்காய், காய்ச்சிய பால் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் அந்த வாசனையைத்தான் நாம் காலமெல்லாம் நாக்கின் கணக்கில் எழுதி வருகிறோம். அண்ணி மூன்று தடவை செய்து பார்த்தார். பெரியம்மா செய்யவில்லை. "சளி பிடிச்சா ரசம் சப்புன்னு இருக்குமே, அதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

சைவமாக இருப்பவர்களுக்கு இங்கே ஒரு விஷயம். சீஸ் பாலில் செய்வதுதானே என்று தோழி இத்தனை நாளாகத் தைரியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் பல சீஸ்களில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கன்றின் ரென்னெட்டைத்தான் போட வேண்டும் என்பது அதன் விதி. தாவர ரென்னெட்டும், நுண்ணுயிரிலிருந்து எடுத்ததும் உண்டு, கேட்டால் சொல்வார்கள். வைனிலும் இதே கதைதான். கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால்புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை என்று பலதைச் சேர்ப்பது வழக்கம். புட்டியின் மேல் வீகன் என்று இருந்தால் கவலையில்லை. தோழி அன்று ஒவ்வொரு கடையிலும் இதை மட்டும் கேட்டார். ஒரு கடையிலும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

தடுப்புக்குள் போகும் வாசலில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். பெரியம்மாவிடமும் கேட்டார்கள். எழுபத்து மூன்று வயதுக்காரர் பொறுமையாகப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

உள்ளே போனதும் நான் அவருக்குத் துப்பும் வாளியைக் காட்டினேன். சுவை பார்ப்பதே தொழிலாக இருப்பவர்கள் வைனை விழுங்குவதில்லை, வாயில் சுழற்றிவிட்டு அதில் துப்பிவிடுவார்கள். நம்மவர்கள் பலருக்கு இது கூச்சமாக இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்று. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை ஊற்றுவது 30 மில்லி என்றால், பத்துக் கடையில் 300 மில்லி, உணவகத்தில் தரும் 150 மில்லி கிளாஸ் இரண்டு. அரை நாளில் இருபது கடை ஏறினால் நாலு கிளாஸ். அதற்கு மேல் எதை முகர்ந்து, எதைத் தெரிந்துகொள்வது? இரண்டு பேருக்கு ஒரு ஊற்று, ஒரு வாய், துப்பு, தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட் ஒன்று. இதைக் கடைசி வரை விடாமல் செய்தோம். வெள்ளை முதலில், சிவப்பு பிறகு. இனிப்பில்லாதது முதலில், இனிப்பு கடைசியில்.

முதல் கடையில் பிரான்சின் அல்சாஸ் பகுதியிலிருந்து வந்த, கெவுர்ஸ்ட்ரமினர் என்ற திராட்சையின் வெள்ளை வைன். ஊற்றிக் கொடுத்த பெண் ரோஜா, நறுமணப் பொருள், வெப்பமண்டலக் கனி என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா கிளாஸின் காம்பைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் ஏந்தி, புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு தடவை முகர்ந்தார். "லைச்சி. டின்னுல வர்றது இல்ல, தோலு உரிச்ச உடனே வரும் பாரு, அது." அந்தப் பெண் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் திராட்சையில் இருக்கும் ரோஸ் ஆக்சைடு என்ற பொருள் லைச்சிப் பழத்திலும் இருக்கிறது. ஒரே பொருள், இரண்டு இடத்தில்.

அடுத்தது நியூசிலாந்தின் மார்ல்பரோ வட்டாரத்து சோவினியோன் பிளாங்க். "கொய்யா. அதுவும் கொஞ்சம் பழுத்து, கீழே விழுந்தது." எங்கள் கையில் ஆளுக்கொரு குறிப்பேடு இருந்தது. நாங்கள் எங்கேயோ படித்த நெல்லிக்கனி, வெட்டிய புல், எல்டர் பூ என்று எழுதிக்கொண்டிருந்தோம். எல்டர் பூவை எங்களில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அதை விட்டுவிட்டேன். என் குறிப்பேட்டில் இப்போது நாகப்பழம், பழுத்த கொய்யா, மழை பெய்த தார்ச்சாலை, சாம்பிராணி, ஊறவைத்த புளி என்றுதான் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்த வைன் மூக்கில் திரும்பி வருகிறது. நீங்களும் எழுதும்போது நீங்கள் சாப்பிட்டதை வைத்து எழுதுங்கள்.

துவர்ப்பு என்ற சுவைக்கு நமக்குத் தனிப் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதும் அன்றுதான் உறைத்தது. அறுசுவையில் ஒன்றாக அதை வைத்திருக்கிறோம். சிவப்பு வைனில் டானின், டானின் என்று எல்லாரும் பேசுவது இந்தத் துவர்ப்பைத்தான். கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, கொய்யாப்பிஞ்சு மென்றால் வாய் இழுத்துப் பிடிக்குமே, அது. எச்சிலில் உள்ள புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. பாலிலும் புரதம் இருப்பதால், கட்டியான தே ஓவில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்கி தே தாரிக் ஆகிறது. கேபர்னே சோவினியோன் கொடுத்த கடையில் பக்கத்திலேயே சீஸ் துண்டுகளை வைத்திருந்ததும் இதே காரணத்துக்காகத்தான். முதலில் வைன் மட்டும், பிறகு சீஸ் ஒரு கடி, மறுபடி வைன் என்று செய்து பாருங்கள். இரண்டாவது வாய் வேறு வைன்போல இருக்கும்.

ஒரு கடையில் மட்டும் மனம் கசந்தது. பெரியம்மா முகர்ந்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தபோது அங்கிருந்தவர், "ஒரு வாய் குடிச்சா ஒன்னும் ஆகாது ஆன்ட்டி" என்று இரண்டு, மூன்று தடவை நீட்டினார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவின் கை இறுகுவதைப் பார்த்தேன். அண்ணன் குறுக்கே வந்து கிளாஸை வாங்கி வாளியில் கொட்டிவிட்டு, "வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றார், அவ்வளவுதான். குடிக்காதவர்களை உடன் அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகு அதைக் காப்பது கூட வந்த எல்லாருடைய பொறுப்பு.

பிறகு ஷிராஸ் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு வைன். பெரியம்மா மூக்கைக் கிட்டே கொண்டுபோனதும் நிமிர்ந்தார். "மிளகு. இப்பதான் இடிச்சது." நானும் முகர்ந்தேன், சந்தேகமே இல்லை. ஷிராஸில் வரும் அந்த மிளகு வாசனை கற்பனை கிடையாது. ரோட்டண்டோன் என்ற பொருள்தான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். கருமிளகிலும் அதே ரோட்டண்டோன்தான் இருக்கிறது.

கிளாஸ் அண்ணனிடம் போனது. முகர்ந்தார். சுழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தார். "நாவப்பழம் மாதிரி வருது. மிளகா? எங்க?" அண்ணி கேலி செய்ய வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இருபது வருடமாக மிளகு அரைக்கிறவர். கடைக்காரர்தான் சொன்னார், ஐந்தில் ஒருவர் அளவுக்கு இந்தப் பொருளின் வாசனை தெரிவதே இல்லை என்று. அந்த ஆய்வில் கண்டதும் அதுதான். உடம்பில் குறை ஒன்றும் இல்லை, பிறவியிலேயே அந்த ஒரு வாசனைக்கு மூக்கு திறக்காது. அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

கடைசியாக உள்ளூர்ப் பானங்கள் இருந்த மூலை. சரவாக் இபான் மக்கள் காவாய் பண்டிகைக்கு அரிசியைப் புளிக்க வைத்துச் செய்யும் துவாக்கை ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றினார்கள். இதைப் பெரியம்மாவிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அவரே கையை நீட்டி வாங்கினார்.

முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "அப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவோட ஆப்பமும்" என்றார்.

தோட்டத்தில் பாட்டி ஆப்ப மாவு பொங்குவதற்கு ஒரு கரண்டி தென்னங்கள் ஊற்றுவாராம். தாத்தா குடித்தது போக அடிச்செம்பில் இருப்பது. வெளியே சுவைத்த குலா மலாக்காவும் அதே தென்னம்பாளைச் சாறுதான். உடனே காய்ச்சினால் சர்க்கரை, விட்டுவைத்தால் கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பத்தின் ஓரம் மொறுமொறுவென்று இருந்ததையும், முந்தின இரவு பாட்டி அழுததையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நாங்கள் நாலு பேரும் அந்த மூலையில் சுவரோரம் நின்று கேட்டோம். எனக்குத் தெரியாத கதைகள் இல்லை இவை. ஆனால் ஆப்பத்தைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

வாங்கினது கொஞ்சம்தான். கண்காட்சி விலை என்று ஆசைப்பட்டு ஆறு புட்டி வாங்குவதை விட்டுவிட்டேன். போன தடவை நான் வாங்கிய இரண்டு புட்டியை வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் ஒரு மத்தியானம் மறந்து வைத்துவிட்டு, தக்கை மேலே தள்ளி, உள்ளே இருந்தது காய்ச்சிய பழச்சாறாகிப் போனது. நம் ஊர்ச் சூட்டில் புட்டியைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியிலோ, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்திலோ வைக்க வேண்டும். சிவப்பு வைனைச் சாதாரண அறைச் சூட்டில் பரிமாறலாம் என்பது 16, 18 டிகிரி உள்ள நாட்டுக்காரன் பேச்சு. இங்கே குடிக்கும் முன் அரை மணி நேரமாவது குளிர வைக்க வேண்டும். அந்த லைச்சி வைன் ஒன்று, தோழிக்குத் தாவர ரென்னெட் சீஸ், பெரியம்மாவுக்கு 200 கிராம் சரவாக் கருமிளகு. இதற்கு மேல் பையில் எதுவும் இல்லை.

தம்பி காப்பிக் கடையில் எங்களுக்கு மேசை பிடித்து வைத்திருந்தார். லைபீரிக்கா காப்பி ஆறு கிளாஸ் வந்தது. பெரியம்மா கைக்குட்டையைப் பிரித்து, கொஞ்சம் வாடியிருந்த மல்லிகையை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். அண்ணன் அந்த மிளகுப் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, முகர்ந்து, மூடி, மறுபடி பிரித்தார்.

"அப்பா எழுதி வச்ச அளவ நான் இன்னைக்கு வரைக்கும் மாத்தினதில்ல பெரியம்மா. ஏன் மாத்த பயம்னு எனக்கே தெரியாது. இப்ப தெரியுது" என்றார். "அடுத்த வாரம் புது மூட்டை வருது. கடைக்கு வந்து ஒருக்கா முகர்ந்து பார்த்துச் சொல்றீங்களா?"

பெரியம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே என்ன கிழமை என்று கேட்டார். புதன் என்றார் அண்ணன்.

"காலையில கொமுட்டர் ரயில்ல வரேன். பூ வைக்காம வரேன்."